செடான் காருக்கு என்ன கிரேடு ஆயில்? டெல்டாவில் ஓட்டுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"எந்த கம்பெனி ஆயில் நல்லது?" என்றுதான் என்னிடம் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் மேனுவல், அடுத்து கார் ஓடும் விதம், அடுத்து என்ஜினின் நிலைமை, அடுத்து தரக் குறியீடு, அப்புறம்தான் கடை. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தினர் என்று பலருக்கும் ஆயில் வாங்கக் கூடப் போயிருக்கிறேன். பெரும்பாலான தவறுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால் வந்தவை.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

காரின் மேனுவல், ஆர்சி, கடைசி சர்வீஸ் பில், ஒரு பழைய வெள்ளைத் துணி. இவ்வளவு போதும்.

ஆர்சி எதற்கு? ஒரே பெயரில் விற்ற காரில் பெட்ரோலும் இருக்கும், டீசலும் இருக்கும். புகைக் கட்டுப்பாட்டு விதியான பிஎஸ்4 காலத்து என்ஜின் ஒன்று, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 என்ஜின் வேறொன்று. கார் பெயரை மட்டும் சொல்லி ஆயில் கேட்டால், கடைக்காரர் தன் நினைவில் இருக்கும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார். எரிபொருள், தயாரித்த மாதம், வருடம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு மேனுவல் வந்திருக்காது. கார் கம்பெனியின் இணையதளத்தில் மாடலையும் வருடத்தையும் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். அது கிடைக்கும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பில்லில் "என்ஜின் ஆயில், மூன்றரை லிட்டர்" என்று மொட்டையாக இருந்தால், ஒர்க்ஷாப்புக்கு ஒரு போன் போட்டு என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று கேளுங்கள். இப்போது உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் அடுத்தது எது என்று யோசிக்க முடியாது.

2. டின்னில் இருக்கும் இரண்டு எண்கள்

5டபிள்யூ-30 என்ற கிரேடை எடுத்துக்கொள்வோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. வாட் அளவும் இல்லை, எடையும் இல்லை.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துபோகும், நல்லெண்ணெய் உறையாது. முதல் எண் சொல்வது இந்த மாதிரி வித்தியாசத்தைத்தான். எஸ்ஏஇ ஜே300 என்ற அளவுமுறையில் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் என்ஜினைச் சுற்ற விடுமா என்று சோதிப்பார்கள். 15டபிள்யூவுக்கு மைனஸ் 20, 10டபிள்யூவுக்கு மைனஸ் 25, 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, 0டபிள்யூவுக்கு மைனஸ் 35. நமக்கு மார்கழி விடியற்காலையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கவலை டெல்டாவில் கிடையாது.

இரண்டாவது எண்தான் முக்கியம். என்ஜின் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதை அது சொல்கிறது. 20 என்றால் 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு), 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை.

"குளிரில் 5, சூடானால் 30, அப்படியென்றால் சூட்டில் கெட்டியாகிவிடும், இல்லையா?" என்று பலர் கேட்பார்கள். இல்லை. எந்த ஆயிலும் சூட்டில் இளகத்தான் செய்யும். 30 கிரேடு எவ்வளவு இளகலாமோ அதற்கு மேல் இளகாது, அவ்வளவுதான்.

சூடாகாத என்ஜினில் நிலைமை எப்படி? 40 டிகிரியில் 0டபிள்யூ-20 ஆயில் பொதுவாக 40 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். 20டபிள்யூ-50 ஆயில் அதே சூட்டில் 150ஐ ஒட்டி இருக்கும். காலையில் வண்டி எடுக்கும்போது ஆயில் இன்னும் குளிர்ந்திருக்கும், அதனால் இன்னும் கெட்டி. எவ்வளவு மெல்லிய ஆயிலாக இருந்தாலும் ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் அது தேவைக்கு மேல் கெட்டியாகத்தான் இருக்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவதெல்லாம் எளிது.

3. மேனுவலில் சரியான பக்கத்தைப் பிடிப்பது

பின்பக்கத்தில் "கொள்ளளவுகள்" அல்லது "பரிந்துரைக்கப்படும் எண்ணெய்கள்" என்ற பகுதியில் பாருங்கள். கிரேடு, தரக் குறியீடு, ஃபில்டரோடு சேர்த்து எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரேடை மட்டும் எழுதிக்கொண்டு வருபவர்கள் ஏழாவது படியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில மேனுவல்களில் வெப்பநிலைப் படம் ஒன்று இருக்கும். கீழே டிகிரி, மேலே ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு பட்டை. அதில் 40 டிகிரிக் கோட்டைத் தேடி, அங்கே இருப்பதில் மிகவும் கெட்டியானதை எடுப்பதுதான் வழக்கமான தவறு. பட்டையின் முனையில் அம்புக்குறி இருந்தால் அதற்கு மேலும் தாங்கும் என்று பொருள். 0டபிள்யூ-20 பட்டையும் 40 டிகிரியைத் தாண்டிப் போகிறதென்றால், திருச்சியின் அக்னி நட்சத்திரமும் அதற்குள் அடக்கம்.

"நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50தான் தாங்கும்" என்ற பேச்சை எந்த ஊர் ஒர்க்ஷாப்பிலும் கேட்கலாம். கார்பரேட்டர் வண்டிகளின் காலத்தில் அது சரியாகவே இருந்தது. இன்றைய என்ஜினில் கூலன்ட்டின் சூட்டை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் ஃபேனும் 90 டிகிரியை ஒட்டிப் பிடித்து வைக்கின்றன. வெளியே தையாக இருந்தாலும் சித்திரையாக இருந்தாலும் அது பெரிதாக மாறுவதில்லை. வெயிலில் ஆயிலின் சூடு கொஞ்சம் ஏறும். கார் கம்பெனி அதையும் கணக்கில் எடுத்துத்தான் கிரேடு சொல்லியிருக்கிறது.

எங்கள் சித்தப்பாவின் பெட்ரோல் செடானுக்கு மேனுவலில் 0டபிள்யூ-20 என்று இருந்தது. ஊரில் ஒரு மெக்கானிக் 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டார். காலையில் ஸ்டார்ட் செய்தால் வால்வுகளைத் தள்ளும் டாப்பட் பக்கம் சத்தம், கொஞ்ச நேரம் கழித்து அடங்கும். மைலேஜும் குறைந்தது. "வண்டி வயசாயிடுச்சுப்பா" என்று சித்தப்பா விற்கப் பேச ஆரம்பித்துவிட்டார். மேனுவல் சொன்ன ஆயிலை மாற்றியதும் சத்தம் போய்விட்டது.

காரணம் இதுதான். இப்போதைய பல என்ஜின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு ஆயில் அழுத்தத்தில்தான் நகர்கிறது. அதற்கான ஓட்டைகளும் பேரிங் இடைவெளிகளும் மெல்லிய ஆயிலுக்கு அளந்து செய்யப்பட்டவை. கெட்டி ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகிறது, அந்த நேரத்தில் மேல்பாகம் காய்ந்து சுற்றுகிறது.

4. உங்கள் கார் எப்படி ஓடுகிறது?

எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதைவிட எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஏனென்றால் ஆயிலைக் கெடுப்பது தூரம் மட்டும் இல்லை.

வீட்டிலிருந்து கடைத்தெரு, அங்கிருந்து பள்ளிக்கூடம், திரும்ப வீடு. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீட்டர். முகூர்த்த நாளில் கும்பகோணத்துத் தெருக்களில் முதல் கியரிலேயே நகர்வது, ரயில்வே கேட்டில் என்ஜினை அணைக்காமல் நிற்பது எல்லாம் இதில் சேரும். டெல்டாவில் பெரும்பாலான குடும்பக் கார்களின் வாழ்க்கை இதுதான். இந்த ஓட்டத்தில் ஆயில் முழுதாகச் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலுக்குள் இறங்கி, ஆவியாகிப் போக வழியில்லாமல் தங்கிவிடும். இதற்குக் கெட்டி கிரேடு மருந்தில்லை. மேனுவல் சொன்ன அதே கிரேடு, ஆனால் சீக்கிரம் மாற்ற வேண்டும். மேனுவலில் "கடுமையான பயன்பாடு" என்று தனி அட்டவணை இருந்தால், நம்மில் பலருக்கு உரியது அந்த அட்டவணைதான்.

மாதம் இரண்டு முறை சென்னை, ஐந்து பேர், டிக்கி நிறைய அரிசி மூட்டை, ஏசி முழு வேகத்தில், நாலுவழிச் சாலையில் மணிக்கணக்காக 100 கிலோமீட்டர் வேகம். இது வேறு வகை. ஆயில் நன்றாகச் சூடாகும், ஈரம் தங்காது. வாரண்டி முடிந்து, மேனுவல் இரண்டு கிரேடுகளை அனுமதித்திருந்தால் இவர்கள் கெட்டியான பக்கத்தை எடுக்கலாம்.

மூன்றாவது வகை நம் பக்கத்துக்கே உரியது. பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறான், கார் கொட்டகையில் நிற்கிறது, அவன் வரும் மாதம் மட்டும் ஓடுகிறது. "வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்பார்கள். பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்பதுதான் கணக்கு. நின்றாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவி இல்லை, ஈரத்தைக் கூட்டுவதுதான் மிச்சம். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள்.

அறுவடை நாட்களில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும், புழுதியும் பறக்கும். அந்தப் புழுதிக்கு ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஆயில் கிரேடுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

5. டிப்ஸ்டிக் சொல்வதைக் கேட்பது

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். ஆயில் என்ஜினின் அடித்தொட்டியான சம்புக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி முழுதாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். முதல் முறை எடுத்ததையே அளவாக நம்பக் கூடாது.

இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர். இன்றைய அளவையும் கிலோமீட்டரையும் குறித்து வைத்து, 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். இந்தக் கணக்கு இல்லாமல் "வண்டி ஆயில் குடிக்குது" என்று சொல்வது வெறும் யூகம்.

நிறத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். டீசலில் புது ஆயில் சில நாளிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. அளவு மேல்குறியைத் தாண்டி ஏறியிருந்தால்தான் பயப்பட வேண்டும். பிஎஸ்6 டீசல் கார் ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தால், புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கும் வேலை பாதியிலேயே நின்றுவிடும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் கலக்கும். இளகிப்போன அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது, மாற்ற வேண்டும்.

டாஷ்போர்டில் வரும் சிவப்பு ஆயில் விளக்கை அளவு விளக்கு என்று நினைக்காதீர்கள். அது அழுத்தம் விழுந்ததைச் சொல்கிறது. எரிந்தால் அடுத்த ஊர்வரை ஓட்டிப் பார்க்காமல் அங்கேயே அணைக்க வேண்டும்.

6. ஒரு படி ஏற்றலாமா?

வாரண்டி இருக்கும்வரை இந்தக் கேள்வியே வேண்டாம், மேனுவல் முதலில் சொல்லும் கிரேடுதான்.

வாரண்டி முடிந்த, லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி, 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் அளவுக்கு ஆயில் குறைகிறது என்றால், முதலில் கசிவு இருக்கிறதா என்று கீழே பாருங்கள். கசிந்தால் சீலையோ கேஸ்கெட்டையோ மாற்ற வேண்டும். கெட்டி ஆயில் ஓட்டையை அடைக்காது. கசிவு இல்லாமல் சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்போது மேனுவல் அனுமதிக்கும் பட்டியலுக்குள் இரண்டாவது எண்ணில் ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். 20 இருந்த இடத்தில் 30, அல்லது 30 இருந்த இடத்தில் 40. ஒரே தாவலில் 50க்குப் போகக் கூடாது.

மேனுவலைவிட மெல்லியதற்கு இறங்குவது கூடவே கூடாது. 5டபிள்யூ-40 கேட்கும் என்ஜினுக்கு மைலேஜ் ஆசையில் 0டபிள்யூ-20 ஊற்றினால், பேரிங்கில் ஆயில் படலம் போதாமல் உலோகம் உலோகத்தோடு உரசும்.

முதல் எண்ணில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கருத்து. மேனுவல் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 இரண்டையும் சொல்லி, கடையில் 10டபிள்யூ-30 மட்டும் இருந்தால் நம் தட்பவெப்பத்தில் தயங்காமல் வாங்கலாம். இரண்டாவது எண்ணில் அந்தத் தாராளம் வேண்டாம்.

வழியில் ஆயில் குறைந்து, திருத்துறைப்பூண்டியில் உங்கள் கிரேடு கிடைக்கவில்லையா? பக்கத்து கிரேடில் அரை லிட்டர் ஊற்றிக்கொண்டு கிளம்புங்கள். குறைந்த ஆயிலோடு ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஊர் வந்ததும் அடுத்த மாற்றத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

7. எழுத்துகளைப் பொருத்துவது

கிரேடு சரியாக இருந்து தரக் குறியீடு தவறினால் அது தவறான ஆயில்தான்.

பெட்ரோலுக்கு ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரத்தின் எஸ் வரிசை. 2010ல் எஸ்என் வந்தது, 2020ல் எஸ்பி வந்தது. மேனுவல் எஸ்என் என்றால் எஸ்பி ஊற்றலாம், பழையதைப் புதியது ஈடுகட்டும். அதற்கு நேர்மாறாகச் செய்யக் கூடாது. டர்போ பெட்ரோல் என்றால் எஸ்பி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வேகத்தில் பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து பிஸ்டனை அடிப்பதைத் தடுக்கும் சோதனை அதில் இருக்கிறது.

டீசலுக்கு அதே ஏபிஐயின் சி வரிசை. புகை வடிகட்டி உள்ள பிஎஸ்6 டீசல் என்றால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். மேனுவலில் ஏசிஇஏ (ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்கள் சங்கம்) சி2, சி3 என்பது போல இருக்கும். மற்ற ஆயில் எரிந்து விடும் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கி அடைத்துவிடும்.

ஐரோப்பிய கார்களுக்குக் கம்பெனியின் சொந்த எண்ணும் உண்டு. வோக்ஸ்வாகனின் 502 00 போன்ற எண் டின்னின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்க வேண்டும். 5டபிள்யூ-40 என்று மட்டும் பார்த்து எடுத்தால் போதாது.

விவசாயக் குடும்பங்களில் ஒரு பழக்கம்: டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 வாளியில் மிச்சம் இருக்கும், "அதுவும் என்ஜின் ஆயில்தானே" என்று காரிலும் ஊற்றிவிடுவார்கள். அது கனரக டீசலுக்குச் செய்தது. அதே மாதிரி பைக்குக்கான 10டபிள்யூ-30 டின்னில் ஜாசோ எம்ஏ என்று இருக்கும். கிளட்ச் வழுக்காமல் இருக்கச் செய்த ஆயில் அது, காருக்கு வேண்டாம். எண் ஒன்றாக இருப்பதால் ஏமாறுபவர்கள் நிறைய.

8. கடையில்

எழுதிய தாளை நீட்டுங்கள், வாயால் சொல்லாதீர்கள். "அண்ணே, இதே கிரேடு, இதே எழுத்து, பில்லோட வேணும்" என்று கேட்டால் கடைக்காரரும் கவனமாக எடுப்பார்.

மூடியின் சீல், தயாரித்த தேதி, பேட்ச் எண் மூன்றையும் பாருங்கள். தேதியும் பேட்ச் எண்ணும் தேய்ந்தோ ஒட்டு மாறியோ இருந்தால் வேண்டாம். வீட்டில் காலியான டின்னை முழுசாகப் பழைய சாமான்காரரிடம் போடாமல் ஓட்டை போட்டுக் கொடுங்கள், போலி ஆயில் அடைபடுவது அதில்தான்.

பிராண்ட் பற்றிக் கேட்டால், எழுத்தும் எண்ணும் பொருந்திய எந்த நல்ல கம்பெனியும் எனக்குச் சம்மதம். சொன்ன நாளில் மாற்றும் நடுத்தர விலை ஆயில், இரண்டு வருடம் இழுத்தடிக்கும் விலை உயர்ந்த ஆயிலைவிட நல்லது.

9. ஊற்றும்போது

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடிக்கச் சொல்லுங்கள். சூட்டில் அழுக்கு மிதந்தபடியே வெளியேறும். ஃபில்டரும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரும் புதிது வேண்டும்.

மேனுவல் அளவில் ஒரு அரை லிட்டரைக் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, காத்திருந்து டிப்ஸ்டிக் பார்த்து மிச்சத்தைச் சேர்க்கலாம். "டின்ல இருக்கறதை வீணாக்க வேணாம்" என்று முழுவதையும் ஊற்றுவது அடிக்கடி நடக்கிறது. மேல்குறியைத் தாண்டினால் கீழே சுற்றும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை பேரிங்கைக் காக்காது.

கிரேடு, எழுத்து, லிட்டர், தேதி, கிலோமீட்டர் ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வேறு மெக்கானிக் பானட்டைத் திறந்தாலும் வாளிப் பக்கம் கை போகும் முன் சீட்டு கண்ணில் படும்.

10. மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் சாலையில் ஓட்டியிருந்தால், மறுநாள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டிகிரி காபி நிறத்தில், நுரையோடு வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சாவியைத் திருப்பாமல் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெள்ளைப் பசை படிந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்தால் அது வேறு. குறுகிய ஓட்டத்து ஈரம்தான் அது, ஒரு நீண்ட பயணத்தில் போய்விடும். கூலன்ட் குறைகிறதா என்று மட்டும் இரண்டு வாரம் கவனியுங்கள்.

தண்ணீர் புகுந்த என்ஜினை மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும் ஒரு முறை ஊற்றுவது போதாது. புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். மூலையில் தங்கிய ஈரம் முதல் ஆயிலோடு வந்துவிடும். அந்த முதல் ஊற்றலுக்கு விலை குறைந்த ஆயில் போதும், ஆனால் கிரேடு அதேதான்.